பாதி மோதிரம் தெய்வத்துக்கு: ரோமர் கால பிரிட்டனில் நோடென்ஸ் வழிபாடு

சில்வியானஸ் என்பவனின் மோதிரம் காணாமல் போனது. யார் எடுத்திருப்பார்கள் என்பதில் அவனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு மலைக்கோயிலுக்குப் போய், சின்ன ஈயத் தகடு ஒன்றில் லத்தீனில் எழுதி வைத்துவிட்டு வந்தான். அந்தத் தகடு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்ணிலிருந்து வெளியே வந்தது. அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

"நோடென்ஸ் தெய்வத்துக்கு. சில்வியானஸ் மோதிரத்தைத் தொலைத்துவிட்டான். அதில் பாதியை நோடென்ஸுக்குக் கொடுத்திருக்கிறான். செனிசியானஸ் என்ற பெயருள்ளவர்களில் எவனுக்கும், அதை நோடென்ஸின் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வரை, உடல்நலம் வாய்க்க விடாதே."

இதோடு இன்னொரு லத்தீன் சொல்லும் பிறகு சேர்க்கப்பட்டிருக்கிறது. "புதுப்பிக்கப்பட்டது" என்பது அதன் பொருள். முதல் முறை எழுதிப் பலன் கிடைக்கவில்லை போலும். சாபத்துக்கு மறுபடி உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

ரோமர்களுக்கு முன்பே பிரிட்டனிலும் மேற்கு ஐரோப்பாவிலும் வாழ்ந்த கெல்டிக் மக்களின் தெய்வங்கள் என்றாலே ஓக் மரங்கள், மூடுபனி, துருயிதுப் பூசாரிகள் என்று ஒரு படம் பலருடைய மனதில் ஓடும். இந்தத் தகட்டில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு சொத்து, அதில் தெய்வத்துக்கு ஐம்பது சதவீதப் பங்கு, எதிராளியின் பெயர், பொருளை ஒப்படைக்க வேண்டிய இடம், ஒப்படைக்காவிட்டால் தண்டனை. கிட்டத்தட்ட ஒரு வழக்கறிஞர் தயாரித்த பத்திரம். நோடென்ஸ் சுத்தமான கெல்டிக் தெய்வம். ஆனால் அவரிடம் பேசுவதற்கு மக்கள் பயன்படுத்திய ஒவ்வொரு கருவியும் ரோமிலிருந்து வந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க முடியுமா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். முடியாது என்பது என் கட்சி.

இடம்

இங்கிலாந்தின் மேற்கே குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில், செவெர்ன் ஆற்றின் முகத்துவாரத்தைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மலைமுனை. பெயர் லிட்னி. பின்னால் டீன் காடு. ரோமர்கள் வருவதற்கு முன்பே அங்கே மண்மேடும் அகழியும் கொண்ட இரும்புக்கால மலைக்கோட்டை ஒன்று இருந்தது. மலைக்குள்ளே இரும்புத் தாது உண்டு. ரோமர் காலத்தில் அதை வெட்டியெடுத்த சுரங்கத்தின் தடயமும் கிடைத்திருக்கிறது.

ரோமப் படை பிரிட்டனுக்குள் நுழைந்தது கி.பி. 43இல். இந்தப் பகுதியும் அதற்கு மேற்கே வேல்ஸும் அடங்கச் சில பத்தாண்டுகள் பிடித்தன. சுமார் முப்பது கிலோமீட்டர் தொலைவில் கேர்லியனில் இரண்டாம் அகஸ்டா படைப்பிரிவு நிரந்தர முகாம் போட்டது. ஆற்றின் மேல்பக்கம் இன்றைய குளோஸ்டர் நகரம் ஓய்வுபெற்ற படைவீரர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. அதாவது லிட்னி ஏதோ எட்டாத மலைக்காடு அல்ல. படைவீரர், வணிகர், நிலக்கிழார் எல்லோரும் நடமாடிய வட்டாரம்.

செவெர்ன் ஆற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் முகத்துவாரத்தில் கடல் ஏறி இறங்கும் உயரம் சில நாட்களில் 14 மீட்டரைத் தாண்டும். உலகிலேயே மிகப் பெரிய ஓத வேறுபாடுகளில் இதுவும் ஒன்று. பெரிய ஓதம் வரும் நாட்களில் கடல்நீர் ஒரே அலையாகத் திரண்டு ஆற்றுக்குள் எதிர்த்திசையில் ஏறிப் போகும். மலைமுனையில் நின்றால் அந்த ஆறு மொத்தமும் கண்ணில் படும். இதைப் பார்த்துவிட்டு நோடென்ஸைக் கடலோடும் ஓதத்தோடும் இணைக்காமல் இருப்பது கஷ்டம். ஆனால் அழகான இயற்கைக் காட்சி எதற்கும் சான்று ஆகாது. கடல் சம்பந்தப்பட்ட வேறு சான்றுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பிறகு வருவோம்.

கோயிலும் சுற்றியுள்ள கட்டடங்களும்

அந்த நிலத்தின் சொந்தக்காரர்களான பாத்தர்ஸ்ட் குடும்பத்தினர் 1805 முதல் அங்கே தோண்டினார்கள். அவர்களுடைய குறிப்புகள் 1879இல் நூலாக வந்தன. முறையான அகழாய்வு 1928, 1929ஆம் ஆண்டுகளில் நடந்தது. செய்தவர்கள் மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸா வீலரும். மார்ட்டிமர் வீலர் நமக்குப் புதியவர் அல்ல. பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்து 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டியவர் அவரேதான்.

பழைய கோட்டையின் உள்ளே அவர்கள் கண்டது ஒரு முழு வளாகம். நடுவில் கோயில். பிரிட்டனிலும் காலியாவிலும் (இன்றைய பிரான்ஸ் பகுதி) பொதுவாகக் கிடைக்கும் ரோம-கெல்டிக் கோயில்கள் சதுரத்துக்குள் சதுரமாக இருக்கும்: நடுவே சின்னக் கருவறை, சுற்றிலும் நடைபாதை. லிட்னி கோயிலும் அந்த யோசனையில் பிறந்ததுதான்; ஆனால் ரோமர்களின் பொதுமண்டபங்களைப் போல நீள்சதுரமாக விரிந்திருக்கிறது. கருவறையின் கோடியில் மூன்று சன்னிதிகள். நடைபாதைச் சுவர்களில் சின்னச் சின்ன ஒதுக்கிடங்கள். தனியாக உட்காரவோ, வேண்டிக்கொள்ளவோ, படுக்கவோ அவை உதவியிருக்கலாம். கட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை: அடியில் பாறையில் பிளவு இருந்தது. ஒரு பகுதி உள்ளே இறங்கிக் கட்டடம் சரிந்தது. தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பித் திரும்பவும் கட்டினார்கள்.

கோயிலைச் சுற்றி மூன்று கட்டடங்கள். நடுமுற்றம் வைத்த பெரிய விடுதி ஒன்று, வெந்நீர்க் குளியலகம் ஒன்று, வரிசையாக அறைகள் கொண்ட நீண்ட கட்டடம் ஒன்று. வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பிவிடவில்லை என்பது மட்டும் உறுதி. தங்கினார்கள், குளித்தார்கள், சில நாள் இருந்தார்கள்.

காணிக்கைகள் சொல்லும் கதை

வந்தவர்கள் எதற்காக வந்தார்கள்? லிட்னி வாய் திறந்து பேசுவது இந்த இடத்தில்தான்.

முதலில் நாய்கள். வெண்கலத்திலும் கல்லிலுமாக ஒன்பது நாய் உருவங்கள் வரை கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு வெண்கல நாய் உலகப் புகழ் பெற்றது: படுத்தபடி தலையைப் பின்னால் திருப்பிப் பார்க்கும் நெடுங்கால் வேட்டைநாய். ரோமர் கால பிரிட்டனில் இவ்வளவு நேர்த்தியான விலங்குச் சிலை அபூர்வம். நாய் எதற்கு? கிரேக்க நாட்டில் எபிடாரஸ் என்ற ஊரில் மருத்துவத் தெய்வம் அஸ்க்லேபியஸின் கோயில் இருந்தது. கோயில் நாய் நக்கியதால் ஒரு சிறுவனின் கண் தெரிந்தது, இன்னொரு சிறுவனின் கழுத்துக் கட்டி கரைந்தது என்று அங்கே கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே லிட்னி நாய்களும் நோய் தீர்க்கும் நாய்களே என்று வீலர் எடுத்துக்கொண்டார்.

நாய் மட்டும் என்றால் நான் தயங்கியிருப்பேன். நாய் வேட்டைக்கும் துணை, காவலுக்கும் துணை. ஆனால் கூடவே கிடைத்தவற்றைப் பாருங்கள். ஜூலியஸ் யுகுண்டஸ் என்ற கண் மருத்துவரின் பெயர் வெட்டிய முத்திரைக்கல் கிடைத்திருக்கிறது. கண்களுக்கான களிம்பைக் குச்சியாக உருட்டி, காய்வதற்கு முன் அதன்மேல் இந்த முத்திரையைக் குத்துவார்கள். அப்படியானால் கண் நோயாளிகள் அங்கே வந்தார்கள். அவர்களிடம் மருந்து விற்கவும் ஆள் இருந்தார். வயிற்றின்மேல் கைவைத்து நிற்கும் பெண்ணின் உருவம் எலும்புத் தகட்டில் கிடைத்திருக்கிறது. பிள்ளை வரம் கேட்டோ, சுகப்பிரசவம் கேட்டோ, வயிற்று வலி தீரவோ வைத்திருக்கலாம். முந்நூற்றுக்கு மேல் ஊசிகள், ஏறத்தாழ முந்நூறு வளையல்கள். இவை பெரும்பாலும் பெண்களின் பொருள்கள். பிரசவத்தோடு தொடர்புள்ள காணிக்கை என்று வீலர் நினைத்தார். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள்.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்திவைப்பது ஒரு வெண்கலக் கை. முழங்கைக்குக் கீழே உள்ள பகுதியும் உள்ளங்கையும் விரல்களும் உண்டு. விரல் நகங்கள் கரண்டியைப் போல நடுவில் குழிந்திருக்கின்றன. கடுமையான இரும்புச்சத்துக் குறைவு வந்தால் நகம் இப்படி ஆகும் என்பதை மருத்துவம் படித்தவர்கள் கண்டுசொன்னார்கள். சிற்பி கற்பனையில் செய்தது போலத் தெரியவில்லை. சோகை பிடித்த ஒருவரின் கையை அருகிலிருந்து பார்த்துச் செய்தது போல இருக்கிறது. இரும்புத் தாது நிறைந்த ஒரு மலைக்கு இரும்புச்சத்து இல்லாத ஒருவர் ஏறி வந்திருக்கிறார்! அந்த மலைத் தண்ணீரைக் குடித்துத் தேறியிருப்பார் என்று சிலர் கதையை முடிப்பதுண்டு. அதற்கு ஆதாரம் இல்லை.

நீண்ட கட்டடத்தைப் பற்றி வீலர் சொன்னது இன்னும் பிரபலம். எபிடாரஸில் நோயாளிகள் புனித மண்டபத்தில் இரவு தூங்குவார்கள். தெய்வம் கனவில் வந்து வைத்தியம் சொல்லும். லிட்னியின் வரிசை அறைகளும் அதே மாதிரி உறக்க மண்டபம்தான் என்றார். இன்றைக்கும் எந்தச் சுற்றுலாக் குறிப்பைத் திறந்தாலும் இது உண்மைச் செய்தியாகவே இருக்கும். வரிசையாக அறைகள் உள்ள கட்டடம் கடைத்தெருவாக இருந்திருக்கலாம். ஊழியர் குடியிருப்பாகவும் இருந்திருக்கலாம். கனவு வைத்தியத்துக்கு லிட்னியில் எழுத்துச் சான்று என்று காட்டப்படுவது ஒன்றே ஒன்று. அதற்கு வருவோம்.

தரையில் எழுதிய பெயர்

கருவறையின் தரை முழுவதும் வண்ணக் கற்கள் பதித்த சித்திரம். மீன்களும் கடல் விலங்குகளும் அதில் நீந்தின. நடுவே ஓர் இடத்தில் புனல் போன்ற துளை. தெய்வத்துக்கு வார்க்கும் பானம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும். சித்திரத்தின் நடுவில் ஒரு கல்வெட்டு வரி. டைட்டஸ் ஃபிளாவியஸ் செனிலிஸ் என்பவர், காணிக்கைப் பணத்திலிருந்து, விக்டோரினஸ் என்பவரின் துணையோடு, மார்ஸ் நோடென்ஸுக்கு இந்தத் தரையைப் போட்டார் என்பது சாரம்.

"காணிக்கைப் பணத்திலிருந்து" என்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். எந்தப் பேரரசரும் இதைக் கட்டிக் கொடுக்கவில்லை, எந்தச் சீமானும் தன் பெருமைக்காகப் போடவில்லை. உண்டியலில் விழுந்த காசு, தரையாக மாறியிருக்கிறது. ஒரு பழங்குடித் தெய்வத்தின் கோயிலில் உயர்தர ரோமச் சித்திரத் தரை போடும் அளவுக்கு மக்கள் வந்து போட்டிருக்கிறார்கள்.

செனிலிஸ் யார் என்பதில்தான் சிக்கல். அவருடைய பதவி சுருக்கெழுத்தில் இருக்கிறது. கடற்படையின் தளவாடக் கிடங்குக்குப் பொறுப்பாளர் என்று ஒரு சாரார் விரிக்கிறார்கள்; கோயில் வழிபாட்டுக்குப் பொறுப்பாளர் என்று இன்னொரு சாரார். முதல் வாசிப்பு சரியென்றால் செவெர்ன் முகத்துவாரத்தில் ஒரு கடற்படை அதிகாரி, காலடியில் மீன் சித்திரம், எதிரே கடல்: நோடென்ஸ் கடல் தெய்வமாகிவிடுகிறார். இரண்டாவது சரியென்றால் செனிலிஸ் ஒரு கோயில் நிர்வாகி; கடல் வாசனை பாதி போய்விடும். கடல் விலங்குத் தரை ரோமப் பேரரசு முழுவதும், குளியலறைகளில்கூட, சாதாரணமாகப் போடப்பட்ட அலங்காரம்.

விக்டோரினஸின் கதையும் அதேதான். அவருக்குச் சொல்லப்படும் வேலை "விளக்கிச் சொல்பவர்". கனவுக்கு விளக்கம் சொல்பவர் என்று எடுத்தால் வீலரின் உறக்க மண்டபத்துக்கு ஆதாரம் கிடைத்துவிடுகிறது. மேலே நான் சொன்ன ஒரே எழுத்துச் சான்று இதுதான். ஆனால் அந்தச் சொல் அதிகாரிகளிடம் வேலை பார்த்த மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வழங்கியது. கிராமப்புறத்தில் பிரித்தானியக் கெல்டிக் மொழி பேசியவர்கள் நிறைய இருந்த நாட்டில் மொழிபெயர்ப்பாளர் இருப்பதில் வியப்பில்லை. கனவு என்ற சொல் கல்வெட்டில் எங்கும் இல்லை. எனவே உறக்க மண்டபத்தை நான் ஏற்கவில்லை. நோய் தீர்க்கும் தலம் என்பதை ஏற்கிறேன்; அதற்குக் கண் மருத்துவர் முத்திரையும் அந்தக் கையும் போதும்.

கடலுக்கு இன்னொரு சான்று உண்டு. பூசாரி அணிந்த தலைப்பட்டையாக இருக்கக்கூடிய ஒரு வெண்கலத் தகடு. நான்கு குதிரை பூட்டிய தேரில் வரும் கடல் தெய்வமும், பாதி மனிதன் பாதி மீனான கடல்வாசிகளும் அதில் இருக்கிறார்கள். இது நோடென்ஸின் உருவமே என்று பல நூல்கள் எழுதிவிட்டன. பெயர் பொறிக்கப்படவில்லை. நோடென்ஸின் முகம் எப்படி என்று உறுதியாகச் சொல்ல லிட்னியில் ஒரு சிலைகூட இல்லை என்பதே நிலவரம்.

மார்ஸ் ஏன் வந்தார்?

கல்வெட்டுகளில் நோடென்ஸ் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ரோமரின் போர்த்தெய்வமான மார்ஸ் கூடவே வருகிறார். உள்ளூர்த் தெய்வத்துக்கு ரோமத் தெய்வத்தின் பெயரை இணைத்துச் சொல்வது பேரரசு முழுவதும் இருந்த பழக்கம். ஜூலியஸ் சீசர் காலியர்களின் தெய்வங்களைப் பட்டியலிடும்போது ஒரு கெல்டிக் பெயரைக்கூடச் சொல்லாமல் மெர்க்குரி, அப்போலோ, மார்ஸ் என்றே எழுதிப் போனார். கெல்டிக் நாடுகளில் மார்ஸ் என்ற பட்டம் போரைத் தாண்டிப் போயிற்று. இன்றைய ஜெர்மனியின் டிரியர் நகரில் லெனஸ் மார்ஸ் நோயாளிகளின் தெய்வம். காப்பாற்றுகிறவர், தீமையை எதிர்த்து நிற்கிறவர் என்ற பொருளில் அந்தப் பெயர் பொருந்தியிருக்கலாம்.

லிட்னியில் ஆயுதக் காணிக்கை குவியவில்லை, போர்க் காட்சிகளும் இல்லை. ஃபிளாவியஸ் பிளாண்டினஸ் என்ற படைப் பயிற்சியாளர் ஒருவர் நேர்த்திக்கடன் செலுத்தியிருக்கிறார். பெக்டில்லஸ் என்ற இன்னொருவர், தான் வாக்குக் கொடுத்ததைக் கொடுத்துவிட்டதாகத் தகட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவர் தெய்வத்தின் பெயரையே சற்று மாற்றி நுடென்ஸ் என்று எழுதினார். லிட்னிக்கு வெளியே இந்தத் தெய்வத்தின் பெயர் நிச்சயமாகக் கிடைத்தது வடக்கே லங்காஷயரில். 1718 வாக்கில் சதுப்பு நிலம் ஒன்றில் இரண்டு வெள்ளிச் சிலைகள் கிடைத்தன. மார்ஸ் நோடென்ஸுக்குக் காணிக்கையாக வைத்தவை. சிலைகள் பிற்பாடு காணாமல் போய்விட்டன. எழுத்தின் பிரதி மட்டும் இருக்கிறது.

வேண்டுதல், நிறைவேற்றம், கடன் தீர்த்தல்: இது ரோமச் சமயத்தின் அடிப்படை வாய்ப்பாடு. கல்வெட்டின் கடைசியில் நான்கு எழுத்துச் சுருக்கமாக வெட்டும் அளவுக்கு அது வழக்கமாகிவிட்டிருந்தது. மனமுவந்து, தகுதியறிந்து, வேண்டியதைச் செலுத்தினேன் என்று பொருள். ரோமர் வருவதற்கு முன் நோடென்ஸிடம் மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு ஒரு எழுத்தும் இல்லை; கோட்டைக்குள் பழைய கோயில் இருந்ததற்கும் தெளிவான தடயம் இல்லை. கல்கோயில், பெயர் பொறித்த தகடு, சித்திரத் தரை, குளியலகம் இவை அத்தனையும் ரோம ஆட்சி வந்த பிறகு ஏற்பட்டவை. ரோம் இந்தத் தெய்வத்தை அழிக்கவில்லை, சும்மா பொறுத்துக்கொள்ளவும் இல்லை. நாம் பார்க்கும் நோடென்ஸ் ரோமர் காலத்தில்தான் இவ்வளவு பெரிதாக வளர்ந்தார்.

பக்கத்து ஊர்ச் சான்று

சில்வியானஸின் பத்திரம் தனிப்பட்ட விசித்திரம் இல்லை. லிட்னியிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில், இருபது கிலோமீட்டருக்குள், யூலி என்ற ஊரில் மெர்க்குரியின் மலைக்கோயில் இருந்தது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஈயத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. பாத் நகரின் வெந்நீர் ஊற்றில் சுலிஸ் மினெர்வா தேவிக்குப் போட்டவை சுமார் 130. பெரும்பாலானவை திருட்டுப் புகார்கள். போன பொருள்களைப் படித்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்: மேலங்கி, கையுறை, குளிக்கும்போது களவு போன துணி.

யூலியில் சாட்டர்னினா என்ற பெண் தன் லினன் துணி போனதைப் புகார் செய்கிறாள். துணியில் மூன்றில் ஒரு பங்கு மெர்க்குரிக்கு. அதே தகட்டின் மறுபக்கத்தில் சில்வானஸ் தெய்வத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் முதலில் "மார்ஸ் சில்வானஸ்" என்று எழுதிவிட்டு, அதன்மேல் "மெர்க்குரி" என்று திருத்தியிருக்கிறாள். கோயில் வாசலில் நிற்பவளுக்கே உள்ளே இருப்பது எந்தத் தெய்வம் என்பதில் குழப்பம்! அல்லது அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. நாம் உட்கார்ந்து நோடென்ஸ் போர்த் தெய்வமா கடல் தெய்வமா என்று மண்டையை உடைக்கிறோம். சாட்டர்னினாவுக்குத் துணி திரும்ப வந்தால் சரி.

இந்தப் பின்னணியில் சில்வியானஸின் தகட்டைத் திரும்பப் பார்த்தால் ஒரு விஷயம் இடறும். அவன் கேட்ட தண்டனை உடல்நலக் கேடு. நலம் தரக்கூடியவர் நலத்தைப் பிடித்து வைக்கவும் முடியும் என்பதால் அது நோய் தீர்க்கும் தெய்வத்துக்கு ஏற்ற கோரிக்கை என்று எழுதுவார்கள். எனக்கும் முதலில் கவர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் பாத், யூலித் தகடுகளிலும் திருடனுக்குத் தூக்கம் வரக்கூடாது, உடம்பு தேறக்கூடாது என்ற வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. அது படிவத்தில் இருந்த வரி. நோடென்ஸுக்கென்று தனியாக யோசித்து எழுதியது அல்ல.

மோதிரம் கிடைத்ததா?

1785இல், லிட்னியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே, பழைய ரோம நகரமான சில்செஸ்டர் அருகே உழுத வயலில் ஒரு தங்க மோதிரம் கிடைத்தது. எடை சுமார் 12 கிராம். பெருவிரலுக்கோ கையுறைக்கு மேலோ போடும் அளவுக்குப் பெரிது. முகப்பில் வீனஸ் தேவியின் உருவமும் பெயரும். வளையத்தைச் சுற்றிப் பின்னால் வெட்டிய வரி: "செனிசியானஸே, இறைவனில் வாழ்வாயாக." அது கிறித்தவர்களின் வாழ்த்து வாய்பாடு. வெட்டியவர் ஓர் எழுத்தை இரட்டித்துவிட்டதால் கடைசிச் சொல்லுக்கு இடம் போதவில்லை. மோதிரம் இப்போது ஹாம்ப்ஷயரில் வைன் என்ற மாளிகையில் இருக்கிறது.

அங்கே திருட்டுப் போன மோதிரம், இங்கே திருடனின் பெயர் பொறித்த மோதிரம். கதை தானாகவே எழுதிக்கொள்கிறது: பழைய மதத்துக்காரனிடம் திருடிய கிறித்தவன், வீனஸின் தலைக்கு அருகே தன் பெயரை வெட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அப்புறம் இந்த மோதிரத்தை ஒரு புகழ்பெற்ற நாவலோடு முடிச்சுப்போட்டுச் செய்திகள் வந்தன. மாளிகையும் 2013இல் அதற்கென்று கண்காட்சி திறந்தது.

இரண்டும் ஒரே மோதிரமா என்பது, செனிசியானஸ் அந்தக் கால பிரிட்டனில் எவ்வளவு அரிய பெயர் என்பதைப் பொறுத்தது. பாத் ஊற்றில் கிடைத்த ஒரு தகட்டைப் பார்ப்போம். அன்னியானஸ் என்பவன் பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசு களவு கொடுத்தவன். திருடியவர் "பழைய சமயத்தவரோ கிறித்தவரோ, ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ" யாராக இருந்தாலும் விடாதே என்று தேவியிடம் கேட்கிறான். பின்பக்கம் சந்தேகப் பட்டியல், பதினெட்டுப் பெயர்கள். அதில் ஒன்று செனிசியானஸ். அவன்தான் இவன் என்று யாரும் சொல்லவில்லை. அப்படியானால் வயலில் கிடைத்த மோதிரத்துக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? தகட்டின் வாசகமே "செனிசியானஸ் என்ற பெயருள்ளவர்களில்" என்று பன்மையில்தான் போகிறது. சில்வியானஸுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட செனிசியானஸ்களைத் தெரிந்திருக்கும் போல. இரண்டையும் இணைப்பதை நான் ஏற்கவில்லை.

அந்த ஆறு வெள்ளிக்காசுத் தகடு வேறொன்றுக்கு முக்கியம். கிறித்தவர் என்பவர் பக்கத்து வீட்டில் இருக்கக்கூடிய ஆள் என்ற காலம் வந்துவிட்டது. அந்தக் காலத்திலும் பாத் தேவியிடம் திருட்டுப் புகார் போகிறது. இரண்டு மதங்களும் ஒரே தெருவில் இருந்தன.

தேதி மாறியபோது

லிட்னி பற்றி நீண்ட காலம் பாடநூல்களில் இருந்த கதை வேறு. தரைகளுக்கு அடியில் கிடைத்த காசுகளை வைத்து, கோயில் கி.பி. 364க்குப் பிறகே கட்டப்பட்டது என்று வீலர் தீர்மானித்தார். அந்தத் தேதியின் எடையை நினைத்துப் பாருங்கள். கான்ஸ்டன்டைன் கிறித்தவத்தை ஆதரித்து அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியன் பேரரசர் பழைய சமயத்தைத் திரும்ப நிமிர்த்தப் பார்த்துத் தோற்றுவிட்டார். அதன் பிறகும் பேரரசின் ஓரத்தில், ஒரு கெல்டிக் தெய்வத்துக்குப் புத்தம்புதிய கோயில் எழுகிறது என்றால் அது சமய எதிர்ப்பு, மறுமலர்ச்சி! இதை நம்பாமல் இருக்க மனம் வராது.

1980, 1981இல் ஜான் கேசி என்ற ஆய்வாளரின் தலைமையில் அதே இடத்தில் சில குழிகள் மறுபடி வெட்டப்பட்டன. 1999இல் வெளியான முடிவு: கோயில் 3ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலேயே கட்டப்பட்டது. வீலர் பிடித்துக்கொண்ட காசுகள் 4ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பு வேலைகளோடு வந்து சேர்ந்தவை. ஆக, கோயில் எழுந்தபோது ரோமப் பேரரசில் கிறித்தவம் ஆட்சியின் மதம் ஆகவில்லை. எதிர்ப்பதற்கு எதுவும் இல்லாத காலத்தில் வசதியுள்ள ஒரு பகுதியில் வசதியான ஒரு கோயில் கட்டப்பட்டது. 4ஆம் நூற்றாண்டிலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், தரையும் சுவரும் சரிசெய்யப்பட்டன. மறுமலர்ச்சிக் கதை விழுந்துவிட்டது. ஆனால் 1932இல் வந்த வீலரின் அறிக்கை அவ்வளவு நன்றாக எழுதப்பட்டது; பொதுநூல்களில் 364 இன்னும் உலவுகிறது.

அரிக்கமேட்டிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. அங்கே கிடைத்த இத்தாலிய மட்கலங்களை வைத்து, ரோம வணிகத்தையொட்டி கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஊர் என்று வீலர் சொன்னார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, ஊர் அதற்கு முன்பே இருந்ததைக் காட்டியது. ரோமுக்கு முன்னால் உள்ளூரில் என்ன இருந்தது என்ற கேள்வியும் அப்போதுதான் சரியாகக் கேட்கப்பட்டது. வீலர் கவனமற்றவர் அல்ல; மண்ணடுக்கைப் படிப்பதில் அவர் காலத்தில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. ஆனால் ஒரு காசோ பானை ஓடோ கையில் கிடைத்ததும் அதைச் சுற்றிப் பெரிய கதை கட்டுவதில் அவருக்கு இருந்த வேகத்தை இரண்டு இடங்களிலும் பார்க்கலாம்.

அயர்லாந்திலிருந்து கடன் வாங்கலாமா?

நோடென்ஸுக்கென்று ஒரு புராணமும் மிஞ்சவில்லை என்பதால், பலர் இடைக்கால அயர்லாந்துக் கதைகளுக்குப் போகிறார்கள். அங்கே நுவாடா என்ற அரசன் போரில் கையை இழக்கிறான். வெள்ளியில் கை செய்து பொருத்துகிறார்கள். வேல்ஸ் கதைகளில் நூட் என்றும், வெள்ளிக்கை லூட் என்றும் பெயர்கள் வருகின்றன. பெயர்கள் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை மொழியியலாளர்கள் ஏற்கிறார்கள். லிட்னியில் வெண்கலக் கை கிடைத்திருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள்.

போதாது. அந்தக் கதைகள் கிறித்தவத் துறவிகளின் கையெழுத்தில், லிட்னி கோயில் கைவிடப்பட்டு பல நூற்றாண்டுகள் கழித்து, கடலுக்கு அப்பால் எழுதப்பட்டவை. நுவாடாவின் கை வெட்டுப்பட்டது. லிட்னிக் கைக்குச் சோகை. உறுப்பின் உருவத்தைச் செய்து கோயிலில் வைப்பது பேரரசு முழுவதும் இருந்த வழக்கம். கண், கால், மார்பு என்று காலியாவின் ஊற்றுக்கோயில்களில் குவியலாகக் கிடைக்கின்றன. பெயர் பழையது, வேர் பொதுவானது என்பதோடு நிறுத்திக்கொள்வேன். லிட்னி மலைக்கு ஏறியவர்களுக்கு நுவாடாவின் கதை தெரிந்திருந்ததா என்பதற்குக் கிடைத்த தகடுகளில் ஒரு வரிகூட இல்லை. அவற்றில் இருப்பது யார் எதை வேண்டினார், எவ்வளவு கொடுத்தார், யார் மேல் சந்தேகம் என்பவை மட்டுமே.